சர்வீஸ் கம்பெனியிலிருந்து ப்ராடக்ட் கம்பெனிக்கு மாற: ரெஸ்யூமே, ரவுண்டுகள், ஆஃபர், முதல் மூன்று மாதம்

மூன்று முதல் ஆறு வருட அனுபவத்தோடு சென்னையிலோ கோவையிலோ ஒரு சர்வீஸ் கம்பெனியில் (க்ளையன்டுகளுக்காக மென்பொருள் வேலை செய்து தருவது) இருக்கிறீர்கள், ப்ராடக்ட் கம்பெனிக்குப் (சொந்த மென்பொருளை உருவாக்கி விற்பது) போக வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்றால் இந்தக் குறிப்பு உங்களுக்கானது. கேம்பஸில் வேலை தேடுபவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

எல்லோரும் பயப்படுவது கோடிங் ரவுண்டுக்கு. ஆனால் நன்றாக கோட் எழுதுபவர்கள் கழன்று விழும் இடங்கள் வேறு. ரெஸ்யூமேவில் போட்ட வரியை விளக்க முடியாமல் போவது ஒன்று. ஹெச்.ஆரிடம் சொன்ன தேதியும் பி.எஃப் கணக்கில் இருக்கும் தேதியும் ஒத்துப்போகாமல் போவது இன்னொன்று. எழுதியது, வாயால் சொன்னது, காகிதத்தில் இருப்பது மூன்றும் ஒன்றாக இருக்கும்படி ஆரம்பத்திலேயே பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ரெஸ்யூமே

ஐந்து வருடத்துக்கு ஒரு பக்கம் போதும். ஒரே பத்தி அமைப்பு, பி.டி.எஃப் கோப்பு. இரண்டு பத்திகளாகப் பிரித்த அழகான டெம்ப்ளேட், ஸ்கில்லுக்கு நட்சத்திரம், புகைப்படம் எதுவும் வேண்டாம். கம்பெனிகள் ரெஸ்யூமேக்களைச் சலித்தெடுக்க வைத்திருக்கும் மென்பொருள் டேபிளையும் இரட்டைப் பத்தியையும் படிக்கும்போது வரிகளைக் கலந்துவிடும். உங்கள் கம்பெனி பெயர் ஒருபக்கமும் தேதி வேறொரு பக்கமும் போய் உட்காரும். சரிபார்க்க எளிய வழி: பி.டி.எஃபைத் திறந்து எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை குழம்பினால் அந்த மென்பொருளுக்கும் குழம்பும்.

சர்வீஸ் கம்பெனி ரெஸ்யூமேக்களில் அடிக்கடி வரும் வரி, ‘இன்சூரன்ஸ் டொமைன் க்ளையன்டுக்கு ஜாவா, ஸ்பிரிங் பூட்டில் டெவலப்மென்ட் மற்றும் சப்போர்ட்.’ இதைப் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. அதே வேலையை இப்படி எழுதலாம்: ‘இரவு ஓடும் பிரீமியம் கணக்கீட்டு பேட்ச் ஜாப் 4 மணி நேரம் எடுத்தது, ஒவ்வொரு பாலிசிக்கும் தனித்தனியாகப் போன குவெரிகளை 1,000 பாலிசிக்கு ஒரு குவெரி என்று மாற்றி 35 நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன்.’ என்ன பிரச்சினை, என்ன செய்தீர்கள், எவ்வளவு மாறியது எல்லாம் ஒரே வரியில் வந்துவிட்டது.

ஆனால் அந்த வரி வந்தவுடன் கேள்வியும் வரும். மொத்தம் எத்தனை பாலிசி? 4 மணி நேரம் என்று எதில் பார்த்தீர்கள்? ஏன் 1,000, ஏன் 10,000 இல்லை? நடுவில் ஒரு பாலிசியின் டேட்டா தப்பாக இருந்தால் மீதி 999-க்கு என்ன ஆகும்? இன்டெக்ஸ் போட்டுப் பார்த்தீர்களா, ஏன் போதவில்லை? இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் அந்த வரியை வையுங்கள். டீமில் வேறொருவர் செய்ததை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தீர்கள் என்றால் எழுதாதீர்கள். மூன்றாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். ரெஸ்யூமேவில் ஒவ்வொரு வரிக்கும் இப்படி ஐந்து கேள்வி எழுதி வைத்துக்கொண்டு உரக்கப் பதில் சொல்லிப் பார்ப்பது, 50 கோடிங் கணக்கு கூடுதலாகப் போடுவதைவிடப் பலன் தரும்.

காஃப்கா, குபர்நெட்டிஸ் என்று கேள்விப்பட்டதையெல்லாம் ஸ்கில் பட்டியலில் போடுவதும் இதே கதைதான். பட்டியலில் இருப்பதெல்லாம் கேட்கத் தகுந்தது என்றுதான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார்.

நௌக்ரி ப்ரொஃபைலில் நோட்டீஸ் பீரியடைச் சரியாகப் போடுங்கள். பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் அது பெரும்பாலும் 90 நாள். அதை 30 என்று போட்டால் கூடுதல் கால் வரும், ஆனால் கடைசி ரவுண்டு முடிந்தபின் உண்மை தெரிந்து ஆஃபர் நிற்கும். ரெஃபரல் கிடைக்கும் இடத்தில் ரெஃபரலே முதலில். தெரிந்தவரிடம் ‘வேகன்சி இருந்தா சொல்லுங்க’ என்று கேட்பதைவிட, அந்தக் கம்பெனியின் கேரியர் பக்கத்தில் இருக்கும் ஜாப் ஐ.டியையும் ரெஸ்யூமேவையும் சேர்த்து அனுப்பினால் அவருக்கும் வேலை இரண்டு நிமிடத்தில் முடியும்.

ஆஃபருக்குப் பணம், ட்ரெய்னிங் டெபாசிட், லேப்டாப் அட்வான்ஸ் என்று கேட்டால் அது மோசடி. ‘மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம்’ என்னும் கன்சல்டன்சியும் அதே வகை. யு.ஏ.என் எனும் பி.எஃப் எண்ணின் கணக்கில் எங்கே எப்போது வேலை பார்த்தீர்கள் என்ற சர்வீஸ் ஹிஸ்டரி இருக்கிறது, வருமான வரித் துறையின் 26ஏ.எஸ் படிவத்தில் யார் வரி பிடித்தார்கள் என்று இருக்கிறது. போலி அனுபவம் இந்த இரண்டிலும் இருக்காது.

ரவுண்டுகள்

கம்பெனிக்குக் கம்பெனி மாறினாலும் வழக்கமான வரிசை இதுதான்: ரெக்ரூட்டரின் போன் கால், ஆன்லைன் டெஸ்ட், இரண்டு டெக்னிக்கல், ஒரு டிசைன், ஒரு மேனேஜர் ரவுண்டு, கடைசியில் ஹெச்.ஆர். நான்கு வருடத்துக்குக் குறைவான அனுபவத்துக்கு டிசைன் ரவுண்டு இல்லாமலும் போகலாம். சில இடங்களில் அதற்குப் பதில் மெஷின் கோடிங் இருக்கும்: ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் பார்க்கிங் லாட், செலவுப் பகிர்வு மாதிரி ஒரு சிறிய சிஸ்டத்தை ஓடும் கோடாக எழுதிக் காட்ட வேண்டும். அதில் டேட்டாபேஸ், வெப் பக்கம் எதுவும் வேண்டாம். மெமரியில் வைத்து, மெயின் ஃபங்க்ஷனிலிருந்து ஓட்டிக் காட்டினால் போதும். முழுதாக எழுதி ஓடாத கோடைவிடப் பாதி எழுதி ஓடும் கோடுக்கு மதிப்பு அதிகம்.

ரெக்ரூட்டர் காலில் மூன்றே கேள்வி: இப்போதைய சி.டி.சி (கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு), எதிர்பார்ப்பு, நோட்டீஸ். இப்போதைய சி.டி.சியைக் கூட்டிச் சொல்லாதீர்கள். மூன்று மாத பே ஸ்லிப் கேட்பார்கள். எதிர்பார்ப்பைக் கேட்டால் ‘இந்த லெவலுக்கு உங்கள் ரேஞ்ச் என்ன’ என்று திருப்பிக் கேட்கலாம், தப்பில்லை. சொல்லியே ஆக வேண்டுமென்றால் ஒற்றை எண் சொல்லுங்கள். 16 முதல் 20 லட்சம் என்றால் அவர் காதில் விழுவது 16 மட்டும்தான்.

கோடிங் ரவுண்டில் 45 நிமிடம் என்றால் கணக்கைப் படித்துக் கேள்வி கேட்க 5, அணுகுமுறையைச் சொல்ல 10, எழுத 20, கையால் ஓட்டிப் பார்க்க 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கைப் பார்த்தவுடன் விசைப்பலகையில் கை வைப்பதுதான் பெரிய தவறு.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு அரேயில் கூட்டுத்தொகை கே ஆக வரும் தொடர்ச்சியான துண்டுகள் எத்தனை? அரே 3, 4, -2, 2, 5. கே 7.

முதலில் கேட்க வேண்டியது, ‘நெகட்டிவ் எண் வருமா? அரே எவ்வளவு பெரிது?’ ஒரு லட்சம் வரை என்று பதில் வந்தால், எல்லாத் துண்டுகளையும் இரண்டு லூப்பில் பார்ப்பது நடக்காது. ஒரு லட்சத்தை ஒரு லட்சத்தால் பெருக்கினால் ஆயிரம் கோடி. அதில் பாதி என்றாலும் ஐந்நூறு கோடி. சி++ல் நொடிக்குச் சுமார் பத்துக் கோடி எளிய செயல்கள் என்பது ஒரு தோராயக் கணக்கு. பைத்தானில் அதில் பத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் ஏன் அடுத்த வழிக்குப் போகிறீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

அடுத்து பலர் போவது ஸ்லைடிங் விண்டோவுக்கு. வலப்பக்கம் சேர்த்துக்கொண்டே போய், தொகை 7-ஐத் தாண்டினால் இடப்பக்கம் கழிப்பது. இங்கே ஓட்டிப் பாருங்கள்: 3, பிறகு 7 (ஒன்று கிடைத்தது), 5, மறுபடி 7 (இரண்டு), பிறகு 12. தாண்டிவிட்டது, 3-ஐக் கழித்தால் 9, 4-ஐயும் கழித்தால் 5. முடிந்தது. விடை 2 என்கிறது. ஆனால் கடைசி இரண்டு எண்கள் 2, 5 சேர்ந்தாலும் 7 வருகிறதே? அது விட்டுப்போயிற்று. நெகட்டிவ் எண் இருந்தால் சேர்க்கச் சேர்க்கத் தொகை கூடும் என்ற உத்தரவாதம் இல்லை, அதனால் விண்டோ தோற்கிறது. நெகட்டிவ் பற்றி முதலில் கேட்டது இதற்காகத்தான்.

சரியான வழி, ஆரம்பத்திலிருந்து வரும் கூட்டுத்தொகையை வைத்துக்கொண்டே போய், இதுவரை எந்தத் தொகை எத்தனை முறை வந்தது என்று ஹேஷ்மேப்பில் எழுதிவைப்பது. இப்போதைய தொகையில் 7-ஐக் கழித்து, அந்த எண் மேப்பில் எத்தனை முறை இருக்கிறதோ அத்தனையைக் கூட்ட வேண்டும். தொகைகள் 3, 7, 5, 7, 12. தேட வேண்டியவை -4, 0, -2, 0, 5. மேப்பில் ஆரம்பத்திலேயே ‘0 ஒரு முறை’ என்று போட்டிருந்தால் இரண்டாவது இடத்தில் ஒன்று, நான்காவதில் ஒன்று, ஐந்தாவதில் ஒன்று, ஆக மூன்று. அந்த ஆரம்ப 0-ஐ மறந்தால் விடை 1 என்று வரும். இந்தக் கணக்கில் அதிகம் பேர் சறுக்குவது இந்த ஒரு வரியில்தான். எழுதி முடித்ததும் இதே ஐந்து எண்களைக் கையால் ஓட்டிக் காட்டினால், ‘டெஸ்ட் பண்ணுங்க’ என்று அவர் சொல்லும் முன்பே தப்பைப் பிடித்துவிடலாம்.

மாட்டிக்கொண்டால் மௌனமாக இருக்காதீர்கள். ‘இரண்டு லூப்பில் வருகிறது, உள் லூப்பைக் குறைக்க என்ன நினைவில் வைக்கலாம் என்று யோசிக்கிறேன்’ என்று சொன்னால் அவர் ஒரு குறிப்புக் கொடுக்க வழி பிறக்கும். பக்கத்து ஸ்கிரீனில் ஏ.ஐ வைத்துப் படித்துச் சொல்வது பற்றி ஒரு வார்த்தை: கண் ஓடும் திசையும், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எப்போதும் ஒரே அளவு வரும் இடைவெளியும் காட்டிக்கொடுக்கும். ‘இந்த வரியை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்’ என்ற ஒரு கேள்வியில் முடிந்துபோகும்.

எத்தனை கணக்கு போட வேண்டும்? அரே, ஸ்ட்ரிங், ஹேஷ்மேப், இரு முனைப் பாய்ன்ட்டர், பைனரி சர்ச், ஸ்டாக், ட்ரீ, கிராஃபில் பி.எஃப்.எஸ், ஹீப், அடிப்படை டைனமிக் ப்ரோக்ராமிங் என்று பத்துத் தலைப்பில் தலைப்புக்கு 12 முதல் 15 போதும். வேலைக்குப் போய்க்கொண்டே செய்தால் மூன்று மாதம். பார்த்துப் புரிந்துகொண்ட கணக்கை ஒரு வாரம் கழித்துப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். முடியவில்லை என்றால் அதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.

டெக்னிக்கல் ரவுண்டில் மொழியின் உள்விவரம் கேட்பார்கள். ஜாவா என்றால் ஹேஷ்மேப் தவிர்க்க முடியாது. ஆரம்ப அளவு 16, லோட் ஃபேக்டர் 0.75, ஆகவே 12 வரை அப்படியே, 13-வது உள்ளே வரும்போது 32 ஆகப் பெருகும். ஒரே பக்கெட்டில் எட்டுக்கு மேல் குவிந்து, மேப்பின் அளவும் குறைந்தது 64 ஆக இருந்தால் ஜாவா 8 முதல் அந்தப் பட்டியல் ட்ரீயாக மாறும். ஈக்வல்ஸை மாற்றி எழுதிவிட்டு ஹேஷ்கோடை விட்டால் என்ன ஆகும் என்பது கூடவே வரும்: போட்ட பொருள் மேப்பிலேயே இருக்கும், தேடினால் கிடைக்காது. எண்களை மனப்பாடமாகச் சொல்வதைவிட, ஏன் அப்படி வைத்தார்கள் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்.

எஸ்.க்யூ.எல்லில் இரண்டாவது அதிக சம்பளம் எது என்ற கேள்வி இன்னும் ஓய்ந்தபாடில்லை. இறங்குவரிசையில் அடுக்கி ஒன்றைத் தாண்டி ஒன்றை எடு என்று எழுதினால், முதல் இடத்தில் இருவருக்கு ஒரே சம்பளம் இருக்கும்போது விடை தப்பு. டிஸ்டிங்க்ட் போடுங்கள் அல்லது டென்ஸ் ரேங்க் பயன்படுத்துங்கள். ரேங்க் வேண்டாம், இருவர் முதலிடம் என்றால் அது 1, 1, 3 என்று போகும், 2 என்று ஒரு இடமே இருக்காது. நாட் இன் போட்டு உள்ளே ஒரு சப் குவெரி எழுதினால், அதில் ஒரே ஒரு நல் (NULL) மதிப்பு வந்தாலும் மொத்த விடையும் காலி. அங்கே நாட் எக்ஸிஸ்ட்ஸ்தான் பாதுகாப்பு.

டிசைன் ரவுண்டில் பெட்டி பெட்டியாக வரைவதற்குமுன் எண்கள் வர வேண்டும். நீளமான முகவரியைச் சுருக்கித் தரும் சேவை என்றால், ஒரு நாளைக்கு எத்தனை முகவரி? ஒரு கோடி என்றால் 86,400 நொடியால் வகுத்து நொடிக்குச் சுமார் 116. படிப்பது பத்து மடங்கு என்றால் நொடிக்கு 1,160. இது ஒரு நல்ல டேட்டாபேஸும் அதன் முன்னால் ஒரு கேஷும் தாங்கும் அளவு. உடனே காஃப்காவை இழுத்துக்கொண்டு வர வேண்டாம். சுருக்கிய குறியீட்டில் ஆங்கில எழுத்தும் எண்ணும் சேர்ந்து 62 குறிகள். ஆறு இடம் என்றால் சுமார் 5,680 கோடி, ஏழு இடம் என்றால் சுமார் 3.5 லட்சம் கோடி. நாளுக்கு ஒரு கோடி வீதம் ஆறு இடமே 15 வருடம் வரும். திருப்பி அனுப்பும்போது 301-ஆ 302-ஆ என்று கேட்டால்: 301 நிரந்தரம், ப்ரவுசர் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை உங்கள் சர்வருக்கே வராது, அதனால் க்ளிக் கணக்கு விட்டுப்போகும். கணக்கு வேண்டுமென்றால் 302.

மேனேஜர் ரவுண்டில் ‘டீமில் கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள்’ மாதிரிக் கேள்விகள். சர்வீஸ் கம்பெனிப் பழக்கத்தில் எல்லாமே ‘நாங்கள் செய்தோம்’ என்று வரும். டீம் செய்ததை ஒரு வரியில் முடித்துவிட்டு, நான் செய்தது இது என்று பிரித்துச் சொல்லுங்கள். ஏன் மாறுகிறீர்கள் என்றால் பழைய மேனேஜரைத் திட்ட வேண்டாம். ‘ஒரே ப்ராஜெக்டில் இரண்டு வருடமாக சப்போர்ட் மட்டும்’ என்பது உண்மையாக இருந்தால் அதுவே போதுமான பதில். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. ஆன்கால் (ப்ரொடக்ஷனில் பிரச்சினை வந்தால் எந்நேரமும் எடுத்துப் பார்க்கும் முறை) எத்தனை வாரத்துக்கு ஒருமுறை? ப்ரொடக்ஷனுக்கு ரிலீஸ் எத்தனை நாளைக்கு ஒருமுறை? இந்த இடம் ஏன் காலியானது? வாரத்தில் எத்தனை நாள் ஆபீஸ், எந்த ஆபீஸ்? சிறுசேரியா போரூரா என்பது வாரம் மூன்று நாள் போய் வரும்போது சிறிய விஷயம் இல்லை.

ஆஃபர்: சி.டி.சியும் கையில் வருவதும்

18 லட்சம் சி.டி.சி என்றால் மாதம் ஒன்றரை லட்சம் என்று மனக்கணக்குப் போட்டு வீட்டுக்கடனுக்குப் போய் நிற்பவர்கள் உண்டு. ஒரு மாதிரிப் பிரிவைப் பார்ப்போம். வேரியபிள் (செயல்பாட்டைப் பொறுத்துத் தரும் பகுதி) 10 சதவீதம், ₹1,80,000. பேசிக் பாதி, ₹9,00,000. அதில் கம்பெனி பங்கு பி.எஃப் 12 சதவீதம், ₹1,08,000. கிராஜுவிட்டி பேசிக்கில் 4.81 சதவீதம், ₹43,290. இன்சூரன்ஸ் ₹15,000. இவை எல்லாம் மாதச் சம்பளத்தில் வராது. கழித்தால் மீதி ₹14,53,710, மாதம் ₹1,21,142. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப் ₹9,000 போகும். 2025-26 புதிய வரி முறையில் ₹75,000 கழிவு போக வரி செஸ்ஸோடு ஆண்டுக்குச் சுமார் ₹90,280, மாதம் ₹7,520. தொழில் வரி அரையாண்டுக்கு ₹1,250. கையில் வருவது சுமார் ₹1,04,400. கம்பெனி பி.எஃப்பை ₹15,000 வரம்புக்கு, அதாவது மாதம் ₹1,800-க்கு மட்டும் கட்டினால் கையில் வருவது கூடும், சேமிப்பு குறையும்.

ஆகவே பேசும்போது சி.டி.சியைப் பேசாமல் ஃபிக்ஸடைப் பேசுங்கள். வேரியபிள் எதை வைத்து, வருடத்தில் எத்தனை முறை, சேர்ந்த வருடத்தில் உண்டா என்று கேளுங்கள். கிராஜுவிட்டி, நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடம் முடித்தால்தான். இரண்டு வருடத்தில் மாறப் போகிறவருக்கு அந்த ₹43,290 வெறும் எண். ஜாயினிங் போனஸ் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டிய பணம். வரி பிடித்துத் தந்திருப்பார்கள், திருப்பிக் கேட்பது முழுத் தொகையா என்று கடிதத்தில் பாருங்கள். பங்கு தருகிறோம் என்றால் ஆர்.எஸ்.யுவா (பங்கையே தருவது) ஈசாப்பா (குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை) என்று பிரித்துக் கேளுங்கள். நான்கு வருடத்தில் பிரித்துத் தருவது, அதில் முதல் வருடம் முடிந்ததும் கால் பங்கு என்பது வழக்கம். ஆர்.எஸ்.யு கைக்கு வரும் நாளிலேயே அதன் மதிப்பு சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். பட்டியலிடாத ஸ்டார்ட்டப்பின் ஈசாப்பைச் சம்பளக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பேப்பர் போடுவது

கையெழுத்தான ஆஃபர் லெட்டர் வராமல் ராஜினாமா மெயில் அனுப்பாதீர்கள். ‘வெர்பலா கன்ஃபர்ம் ஆயிடுச்சு’ என்பது ஆஃபர் ஆகாது. மெயிலில் காரணம் எழுத வேண்டியதில்லை. இன்று ராஜினாமா செய்கிறேன், நோட்டீஸ்படி கடைசி வேலை நாள் இது, முன்னதாக விடுவிக்க முடிந்தால் நன்று, அவ்வளவுதான். 90 நாளைக் குறைக்க வழி பை-அவுட், அதாவது மீதி நாட்களுக்கான பணத்தைக் கட்டிவிட்டு விலகுவது. அதை பேசிக்கில் கணக்கிடுவார்களா மொத்தச் சம்பளத்திலா என்று அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் இருக்கும். மேற்படி மாதிரியில் ஒரு மாதத்துக்கு ₹75,000-க்கும் ₹1,21,142-க்கும் உள்ள வித்தியாசம் அது. புதிய கம்பெனி திருப்பித் தருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பை-அவுட் உங்கள் உரிமை என்று நினைத்துவிட வேண்டாம், பல ஒப்பந்தங்களில் மேனேஜர் சம்மதம் வேண்டும். சொல்லாமல் நின்றுவிட்டால் ரிலீவிங் லெட்டர் கிடைக்காது, அடுத்த பேக்ரவுண்ட் செக்கில் அது மேலே வந்து நிற்கும்.

லேப்டாப்பை ஒப்படைக்கும் முன் பே ஸ்லிப்புகள், ஹைக் லெட்டர்கள், ஃபார்ம் 16 எல்லாவற்றையும் இறக்கிச் சொந்த மெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். சோர்ஸ் கோடையோ க்ளையன்ட் ஆவணத்தையோ ஒரு வரிகூட அனுப்பாதீர்கள். கடைசி மாதத்தில் உங்கள் மெயில் கண்காணிப்பில்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

நம் ஊருக்கே உரிய ஒரு தலைவலி இனிஷியல். மார்க் ஷீட்டில் எஸ். கார்த்திக், ஆதாரில் கார்த்திக் சுப்பிரமணியன், பான் கார்டில் சுப்பிரமணியன் கார்த்திக். மனிதர் ஒருவர்தான், ஆனால் பி.எஃப் கணக்கும் ஆதாரும் ஒத்துப்போகாவிட்டால் டிரான்ஸ்ஃபர் நிற்கும், பேக்ரவுண்ட் செக்கில் விளக்கம் கேட்பார்கள். திருத்தத்துக்குப் பழைய கம்பெனியின் ஒப்புதல் தேவைப்படலாம். அங்கே இருக்கும்போதே முடித்துவிடுங்கள். அதோடு யு.ஏ.என் தளத்தில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து, சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் ரெஸ்யூமேவோடு பொருந்துகிறதா பாருங்கள். விலகிய தேதி ஏறாமலே இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்ப்பது போலத் தெரியும்.

நடு வருடத்தில் மாறினால் பழைய கம்பெனியில் வாங்கிய சம்பளம், பிடித்த வரி விவரத்தைப் புதிய கம்பெனியிடம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ₹75,000 கழிவையும் குறைந்த ஸ்லாபையும் இருவரும் தனித்தனியே தருவார்கள், ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கட்ட வேண்டி வரும், வட்டியோடு.

முதல் மூன்று மாதம்

முதல் வாரம் ஆக்ஸஸ் டிக்கெட்டுகளிலேயே போகும். ரெப்போ, வி.பி.என், லாக், டேஷ்போர்டு, டேட்டாபேஸ் படிக்கும் அனுமதி என்று பட்டியல் போட்டு முதல் நாளே எல்லாவற்றுக்கும் டிக்கெட் போடுங்கள். செட்டப் ஆவணத்தில் எது ஓடவில்லையோ அதைத் திருத்தி அனுப்புவதே முதல் பி.ஆர் (ரிவ்யூவுக்கு அனுப்பும் மாற்றம்) ஆகலாம். கோடும் உடையாது, ரிவ்யூ எப்படி நடக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

சர்வீஸ் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குப் பழக நேரம் பிடிப்பது, ரிக்வயர்மென்ட் எழுதித் தரமாட்டார்கள் என்பது. ‘இந்தப் பக்கம் மெதுவாக இருக்கிறது, பார்’ என்பதுதான் டிக்கெட். எவ்வளவு மெதுவு, யாருக்கு, எந்த அளவுக்கு வந்தால் போதும் என்று கேட்டு, பத்து வரியில் நீங்களே எழுதி அனுப்பி, சரி என்று வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

மாட்டினால் அரை மணி நேரம் சொந்தமாகப் பாருங்கள், அதற்குமேல் கேளுங்கள். சாட்டில் ‘ஹாய்’ என்று போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். இப்படிப் போடலாம்: ‘லோக்கலில் பேமென்ட் சர்வீஸை ஓட்டினால் 5432 போர்ட்டில் கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட் என்று வருகிறது. டாக்கரில் போஸ்ட்க்ரெஸ் ஓடுகிறது, சைக்வெல் (psql) கன்சோலில் கனெக்ட் ஆகிறது. கான்ஃபிக் கோப்பில் ஹோஸ்ட்டை மாற்றியும் பார்த்தேன். லாக் கீழே. வேறு எங்கே பார்க்கலாம்?’ பதில் சொல்பவருக்கு அடுத்த கேள்வி கேட்க வேண்டிய வேலை இல்லை. தனிச்சாட்டில் கேட்காமல் டீம் சேனலில் கேட்டால் அடுத்து வருபவருக்கும் உதவும்.

பி.ஆர் 300 வரிக்குள் இருக்கட்டும். 1,500 வரி அனுப்பினால் யாரும் படிக்காமல் ‘நல்லா இருக்கு’ என்று போட்டுவிடுவார்கள், அல்லது மூன்று நாள் தொடமாட்டார்கள். பெயர் மாற்றம், ஃபார்மேட்டிங் தனி பி.ஆர், உண்மையான மாற்றம் தனி பி.ஆர்.

ப்ரொடக்ஷன் டேட்டாவைக் கையால் திருத்த வேண்டிய நாளும் வரும். அப்டேட் எழுதும் முன் அதே வேர் (WHERE) நிபந்தனையோடு செலெக்ட் ஓட்டி எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். 42 என்று வந்தால் அந்த எண்ணை டிக்கெட்டில் எழுதுங்கள். பழைய மதிப்புகளைத் தனி டேபிளில் எடுத்து வையுங்கள். ட்ரான்ஸாக்ஷன் தொடங்கி அப்டேட் ஓட்டுங்கள். 42 வரிசை மாறியது என்று வந்தால் மட்டும் கமிட். 43 என்றாலும் ரோல்பேக் செய்துவிட்டு, அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். டூலில் குவெரியின் ஒரு பகுதியை மட்டும் மவுஸால் தேர்ந்தெடுத்து ஓட்டும் பழக்கம் இருந்தால் அன்று அதை விட்டுவிடுங்கள். வேர் வரி தேர்ந்தெடுத்த பகுதிக்கு வெளியே நின்றுபோய் மொத்த டேபிளும் மாறுவது அப்படித்தான். முதல் முறை செய்யும்போது ஸ்கிரீன் ஷேர் போட்டு, டீமில் ஒருவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஓட்டுங்கள். வெள்ளிக்கிழமை மாலை வேண்டாம்.